பூனைக்கு எத்தனை லிட்டர்?

எங்கள் ஊரில் (திருநெல்வேலிப் பக்கம்) பூனைக்கென்று மண் வாங்கியதாக யாராவது சொன்னால், ஊரே கூடிச் சிரித்திருக்கும். வீட்டுக்கு ஒரு பூனை இருந்தது. கொல்லையும் இருந்தது. பூனை தன் வேலையை முடித்துக்கொண்டு, மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் திண்ணைக்கு வந்து படுத்துக்கொள்ளும். அதற்கு மேல் அந்த விஷயத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

செம்பூரில் மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் குடியிருப்பவனுக்குக் கொல்லை ஏது? ஆனால் பூனை மட்டும் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பேத்தி, மாடிப்படியில் கத்திக்கொண்டிருந்த குட்டி ஒன்றைப் பைக்குள் வைத்து எடுத்து வந்தாள். "ஒரு நாள் மட்டும், தாத்தா" என்றாள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. பட்டாணி அளவில் இருந்ததால் 'பட்டாணி' என்று பெயர் வைத்தோம். இப்போது நாலரைக் கிலோ. பெயர்தான் பொருந்தவில்லை.

இந்தக் கட்டுரை பட்டாணியைப் பற்றியது அல்ல. அவனுக்காக நாங்கள் வாங்கும் மண்ணைப் பற்றியது. நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது பூனை வளர்க்கும் வீடுகள் பெருகிவிட்டன என்பதைப் போன பொங்கல் விழாவில் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "உதிரி மண் மலிவு, கட்டி கட்டும் மண் விலை அதிகம். அந்த விலைக்கு அது தகுமா?" ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். கணக்குப் பார்க்காமல் பதில் சொல்வதற்கு மனம் வராது. எனவே நோட்டுப் புத்தகம் போட்டுக் கணக்கெழுதினேன். அந்தக் கணக்குதான் இது.

ஒரு கடிதம் வந்தது

முதல் ஆறு மாதம் பட்டாணிக்கு ஆற்று மணல்தான். பக்கத்துத் தெருவில் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் சொல்லி வாரம் ஒரு வாளி மணல் வாங்கி வருவேன். செலவு பூஜ்யம்! கணக்கனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய மணலைக் கீழே கட்டடத்துத் தோட்டத்தில், குரோட்டன்ஸ் செடிகளுக்கு அடியில் கொட்டிவிடுவேன். செடிக்கு உரம் என்று பெருமை வேறு!

2023 ஜூன் கடைசியில் மழை தொடங்கியது. மணல் ஈரமாக வந்தது, ஈரமாகவே இருந்தது. பால்கனியில் வைத்திருந்த தட்டிலிருந்து கிளம்பிய நெடி மாடிப்படி வழியாக இறங்கித் தரைத்தளம் வரை போயிருக்கிறது. எங்களுக்கு மூக்குப் பழகிவிட்டதால் தெரியவில்லை. சொசைட்டியிலிருந்து கடிதம் வந்தது. நாற்றம் தாங்கவில்லையென்று புகார். தோட்டத்தில் கொட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். கணபதி பண்டிகைக்குள் நிலைமை சரியாகாவிட்டால் பூனையை வேறு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. புகார் செய்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கிப் போனேன். அங்கே ஒரு மராத்திக் குடும்பம். இருபது வருடப் பழக்கம். அந்த வீட்டு அம்மாளை என் மனைவி 'வஹினி' (நம் வழக்கில் அண்ணி) என்றுதான் கூப்பிடுவாள். அவர் சண்டைக்கு வரவில்லை. உள்ளே கை காட்டினார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "பூனை மலத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்களோ எங்கள் ஜன்னலுக்குக் கீழே கொட்டுகிறீர்கள்" என்றார்.

நான் வாயடைத்துப்போய் மேலே வந்தேன். அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பது, பிறகு கால்நடை மருத்துவரிடம் கேட்டபோது தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். அன்றிரவு பேத்தி சாப்பிடவில்லை. பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இலவச மணலின் உண்மையான விலை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மண்ணுக்கு விலை வந்த கதை

பூனைக்கு மணலும் அடுப்புச் சாம்பலும் போடுவது மேல்நாட்டிலும் இருந்த வழக்கம்தான். 1947-இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கசோபோலிஸ் என்ற சிற்றூரில் எட் லோ என்ற இளைஞர் இருந்தார். தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான களிமண் குருணையை விற்பது அவர் குடும்பத்துத் தொழில். குளிர்காலத்தில் மணல் உறைந்துவிட்டதால் பக்கத்து வீட்டுப் பெண்மணி பூனைக்காக ஏதாவது கேட்டு வர, இந்தக் குருணையில் ஒரு பை கொடுத்தார். மணலைவிட நன்றாக உறிஞ்சியது. கால் தடமும் வீடெல்லாம் ஆகவில்லை. அவர் ஐந்து பவுண்டுப் பைகளில் அதை நிரப்பி, 'கிட்டி லிட்டர்' என்று எழுதி, பை 65 சென்ட் என்று விலை வைத்தார். மணல் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்றார் கடைக்காரர். அப்படியானால் சும்மா கொடுங்கள் என்றாராம் லோ. சும்மா வாங்கிப் போனவர்கள் காசு கொடுத்து வாங்கத் திரும்பி வந்தார்கள்.

அந்த மண் உறிஞ்சும், கட்டியாகாது. ஈரம் தட்டின் அடியில் போய்த் தங்கும். கட்டி கட்டும் மண் வந்தது 1980-களில்தான். தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியல் அறிஞர் 1984-இல் பென்டோனைட் என்ற களிமண்ணைக் காயவைத்துக் குருணையாக்கிப் பார்த்தார். நனைந்த இடம் மட்டும் உருண்டையாகத் திரண்டது. அதை மட்டும் அள்ளி எறிந்தால் மீதி மண் சுத்தமாக இருந்தது.

மச்சினன் சொன்ன பாடம்

இந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். வார்ப்படத் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்ப்பவன். "பூனைக்கு நல்ல லிட்டர் தேடிக்கிட்டு இருக்கோம்டா" என்றாள் அவள். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "அத்தான், பூனைக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? அவ்வளவு பாலா குடிக்குது?" என்று கேட்டான். விஷயத்தை விளக்கி, பையில் போட்டிருந்த பெயரைப் படித்துக் காட்டியதும் அவனுக்கு ஒரே சிரிப்பு. "பென்டோனைட்டா? அது எங்க வார்ப்பட மண்ணுல கலக்கறது அத்தான். மணலைப் பிடிச்சு நிறுத்தறதே அதுதான்" என்றான்.

அவன் சொன்னபிறகுதான் கவனித்தேன். நம் மும்பையில் அடுக்குமாடிக்கு அடித்தளத் தூண் இறக்கத் துளை போடும்போது, துளையின் சுவர் சரியாமலிருக்க ஒரு சாம்பல் நிறக் குழம்பை ஊற்றுகிறார்களே, அதுவும் பென்டோனைட் குழம்புதான். பக்கத்துத் தெருவில் நான் மணல் கேட்டு நின்ற இடத்திலேயே அது மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது!

எரிமலைச் சாம்பலும் எரிமலைப் பாறையும் நீண்ட காலத்தில் உருமாறி உண்டாகும் களிமண் இது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் இதற்குப் பேர்போனது. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்திலும் வெட்டி எடுக்கிறார்கள்.

இது எப்படிக் கட்டி கட்டுகிறது? மச்சினன் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். இந்தக் களிமண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால் அப்பளக் கட்டு போல் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகடுகளுக்கு நடுவே சோடியமோ கால்சியமோ உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் நுழைகிறது. சோடியம் இருந்தால் தகடுகள் நன்றாக விலகி இடம் கொடுக்கும். மண் பல மடங்கு உப்பிப் பசைபோல் ஆகிப் பக்கத்துக் குருணையையும் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இருந்தால் தகடுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். உப்புவது குறைவு, கட்டியும் பலமாக இராது. கால்சியம் வகையில் சோடா உப்பைச் சேர்த்துச் சோடியம் வகையாக மாற்றி விற்பதும் உண்டு. பையின் மேல் எல்லாவற்றுக்கும் 'பென்டோனைட்' என்று ஒரே பெயர்தான். விலை வித்தியாசத்துக்கும் தர வித்தியாசத்துக்கும் காரணம் உள்ளே இருக்கிறது.

வீட்டிலேயே செய்யும் நான்கு சோதனைகள்

பெரிய பை வாங்கும்முன் சிறிய பை ஒன்று வாங்கிப் பாருங்கள். மருமகள் கேக் செய்ய வைத்திருந்த சிறிய தராசு எனக்கு உதவியது. (அவள் இப்போது வேறு வாங்கிவிட்டாள்.)

முதலாவது, கட்டிச் சோதனை. ஒரு கிண்ணத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மண்ணைப் போட்டு, 10 மில்லி உப்புத் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து உருண்டையை எடுத்து, ஒரு அடி உயரத்திலிருந்து செய்தித்தாள் மேல் போடுங்கள். நல்ல மண் உடையாது. உடைந்தாலும் இரண்டு துண்டாகும். மட்டமான மண் பொலபொலவென்று உதிரும். உதிர்ந்தது ஒவ்வொன்றும் தட்டிலேயே தங்கி நாறப்போகிறது என்று பொருள்.

இரண்டாவது, எடைச் சோதனை. அந்த உருண்டையை நிறுத்துப் பாருங்கள். நான் வாங்கிய நல்ல மண்ணில் உருண்டை 30 கிராம் இருந்தது. ஊற்றிய தண்ணீர் 10 கிராம் போக, செலவான மண் 20 கிராம். மலிவு வகையில் உருண்டை 45 கிராம். மண் செலவு 35 கிராம். ஒரே வேலைக்கு ஒன்று எவ்வளவு மண்ணைத் தின்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். பையின் மேல் போட்டிருக்கும் விலையைவிட இந்த எண் முக்கியம்.

மூன்றாவது, தூசிச் சோதனை. கறுப்புத் துணியை விரித்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஒரு டம்ளர் மண்ணைக் கொட்டுங்கள். துணி வெளுத்தால் அந்த மண் வேண்டாம். களிமண் தூசியில் நுண்ணிய சிலிக்காவும் கலந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பூனைக்கும் அது நல்லதல்ல. எந்த மண்ணானாலும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மெல்லக் கொட்டுவதே நல்லது.

நான்காவது, பூனையின் அபிப்பிராயம். பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. மென்மையான, மணல் போன்ற குருணையைத்தான் அது விரும்பும். வாசனை சேர்த்த மண் நம் மூக்குக்குப் பிடிக்கும். பூனைக்குப் பிடிக்காமல் போகலாம். மல்லிகை மணம் போட்ட ஒரு பையை வாங்கிய அன்று பட்டாணி தட்டை மோந்து பார்த்துவிட்டு, என் மனைவி மடித்து வைத்திருந்த பருத்திப் புடவையைத் தேர்ந்தெடுத்தான். அதற்குப் பிறகு வீட்டில் வாசனை மண் கிடையாது.

பொறுமையுள்ளவர்களுக்கு மச்சினன் சொன்ன இன்னொரு சோதனையும் உண்டு. தொழிற்சாலைகளில் செய்வது. மண்ணை நன்றாகப் பொடித்து 2 கிராம் எடுத்து, 100 மில்லி தண்ணீர் உள்ள அளவுக் குடுவையில் சிறிது சிறிதாகத் தூவி ஒரு நாள் விடவேண்டும். நல்ல சோடியம் வகை அடியில் 20 மில்லிக்கு மேல் உப்பி நிற்கும். பேத்தியின் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு இதையே வைத்தோம்.

நோட்டுப் புத்தகம் என்ன சொல்கிறது?

2023 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாதத்துக்கு ஒரு வகை. ஒரே பூனை, ஒரே தட்டு, 30 நாள் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும். எனவே எண்ணைவிடக் கணக்குப் போடும் முறையைக் கவனியுங்கள்.

ஜூலை: கட்டி கட்டாத உதிரிக் களிமண். கிலோ ரூ. 30. தட்டுக்கு 4 கிலோ. ஐந்து நாளைக்கு ஒரு முறை முழுவதையும் கொட்டியாக வேண்டும். ஆறு முறைக்கு 24 கிலோ. செலவு ரூ. 720.

ஆகஸ்ட்: மலிவான கட்டி மண். கிலோ ரூ. 45. தட்டுக்கு 5 கிலோ. கட்டி உடைந்து உடைந்து தூள் சேர்ந்ததால் பதினைந்து நாளில் முழுவதும் மாற்ற நேர்ந்தது. இரண்டு முறை நிரப்ப 10 கிலோ. அன்றாடம் அள்ளியதற்கு ஈடாகச் சேர்த்தது 7 கிலோ. ஆக 17 கிலோ. செலவு ரூ. 765.

செப்டம்பர்: நல்ல கட்டி மண். கிலோ ரூ. 70. தட்டுக்கு 5 கிலோ. நாளொன்றுக்குச் சேர்த்தது 150 கிராம். மாதத்துக்கு நாலரைக் கிலோ. ஆக ஒன்பதரைக் கிலோ. செலவு ரூ. 665.

அக்டோபர்: சோயா சக்கையில் செய்த 'டோஃபு' வகை. கிலோ ரூ. 150. எடை குறைவு, தூசியும் குறைவு. நிரப்புவதற்கு இரண்டு கிலோதான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பதினைந்து நாளில் புளித்த வாடை. இரண்டு முறை நிரப்பியதும் அன்றாடம் சேர்த்ததுமாக 6 கிலோ. செலவு ரூ. 900.

கவனித்தீர்களா? கிலோவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ள மண்தான் மாதக் கணக்கில் உதிரி மண்ணைவிட 55 ரூபாய் குறைந்தது! நடுவில் இருந்த மலிவுக் கட்டி மண், மலிவாகவும் இல்லை, கட்டியாகவும் இல்லை. கிலோ விலையைப் பார்த்து வாங்குவது, டிக்கெட் விலையை மட்டும் பார்த்துவிட்டு வண்டி எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறுவது போலத்தான்.

ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், 55 ரூபாய் ஒரு பெரிய தொகை அல்ல. உண்மையான லாபம் எடையில் இருக்கிறது. ஜூலையில் 24 கிலோவைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏற்றினேன். அதே 24 கிலோவை ஈரத்தோடு கீழே இறக்கினேன். செப்டம்பரில் ஒன்பதரைக் கிலோ. என் முழங்காலைக் கேட்டால் அதற்குத் தனியாக ஒரு விலை சொல்லும். களிமண் மக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். தேவ்னார் குப்பைமேட்டை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த செம்பூர்ப் பிள்ளைகளுக்கு, நாம் கொட்டும் ஒவ்வொரு கிலோவும் எங்கேயோ போய்க் குவிகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நிபந்தனை. தினமும் அள்ளினால்தான் இந்தக் கணக்கு. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போதுதான் அம்மோனியா நெடி கிளம்புகிறது. அதற்கு நேரம் கொடுக்காமல் கட்டியை எடுத்துவிட்டால் நெடி இல்லை. நாலு நாள் விட்டுவிட்டு, விலை உயர்ந்த மண்ணும் நாறுகிறதே என்று குறை சொல்லிப் பயனில்லை. காலை காபிக்கு முன் ஒரு முறை, இரவு படுக்கும்முன் ஒரு முறை. இரண்டு நிமிட வேலை.

வஹினி சொன்னது உண்மையா?

பாதி உண்மை, பாதி பயம். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிப்படலாம். கர்ப்ப காலத்தில் முதன்முதலாக இது தொற்றினால் சிசுவைப் பாதிக்கக்கூடும். ஆனால் பெரும்பாலான பூனைகள், தங்களுக்கு முதலில் தொற்றும்போது சில வாரங்கள் மட்டுமே இதை வெளியேற்றுகின்றன. வெளியேறியதும் அது உடனே தொற்றாது. தொற்றும் நிலையை அடைய ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளுவது இதற்காகவும்தான். ஐந்து நாள் தட்டிலேயே வைத்திருந்து, பிறகு தோட்டத்து மண்ணில் கொட்டினால் (நான் செய்ததைப் போல!) அது அங்கே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். எனவே வஹினியின் புகார் நியாயமானது.

கர்ப்பிணிகள் தட்டைத் தொடாமல் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. ஆளே இல்லையென்றால் கையுறை போட்டுத் தினமும் சுத்தம் செய்து, சோப்பால் கை கழுவவேண்டும். வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் இவற்றிலிருந்தும் இதே தொற்று வரும். ஆகவே பூனையை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. டாக்டரிடம் சந்தேகத்தைக் கேட்டுக்கொண்டால் போதும்.

அள்ளியதைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றிக் குப்பைக்குத்தான் கொடுக்க வேண்டும். கழிவறையில் போட்டு நீரூற்றினால் தட்டில் உப்பியது குழாயிலும் உப்பும். பிளம்பருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு வருட மண் வாங்கலாம். கண் திறந்து சில வாரமே ஆன குட்டிகள் எதையும் வாயில் போடும். வளரும்வரை அவற்றுக்குக் கட்டி மண் வேண்டாம்.

நோட்டில் எழுதாத வரவு

செப்டம்பர் 19, கணபதி சதுர்த்தி. அதற்கு முந்தின வாரம் சொசைட்டிச் செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும் வீட்டுக்கு வந்தார்கள். பால்கனியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். தட்டு எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் காலடியில்தான் இருந்தது! பட்டாணி தங்கிவிட்டான். வஹினி வீட்டில் பெண் குழந்தை பிறந்து, பண்டிகைக்கு மோதகம் வந்தது.

கட்டுரையை இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் 2024 பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது.

தினமும் அள்ளும்போது எத்தனை உருண்டை என்று நோட்டில் குறிப்பது என் வழக்கமாகியிருந்தது. "இதையுமா எழுதுவீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். பட்டாணியின் கணக்கு நாளைக்கு மூன்று. சில நாள் நான்கு. அன்று காலை ஒன்றுகூட இல்லை. சுண்டைக்காய் அளவில் நாலைந்து துளிக் கட்டிகள் மட்டும். பட்டாணி அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து, ஈனமாகக் கத்திவிட்டு இறங்கினான். மலச்சிக்கலாக இருக்கும், விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்றாள் மனைவி. நான் நோட்டைக் காட்டினேன். பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அவனைக் கூடையில் வைத்துப் பரேல் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

சிறுநீர் அடைப்பு. ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்க்குழாய் குறுகலானது. படிகங்கள் சேர்ந்து அடைத்துக்கொள்ளுமாம். ஓரிரு நாள் கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும் என்றார் மருத்துவர். குழாய் செருகி மூன்று நாள் வைத்தியம். "எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள்?" என்று அவர் கேட்டார். பேத்தி நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி உலர்தீனியைக் குறைத்து ஈரத் தீனி கொடுக்கவும், தண்ணீர் நிறையக் குடிக்க வைக்கவும் சொன்னார். உருண்டை வழக்கத்தைவிடப் பெரிதாகிக்கொண்டே போனாலும் வரச் சொன்னார்; அது சர்க்கரை நோய்க்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ அறிகுறியாக இருக்கலாமாம்.

உதிரி மண்ணாக இருந்திருந்தால்? ஈரமெல்லாம் அடியில் இறங்கிவிடும். எவ்வளவு, எத்தனை முறை, எதுவும் தெரிந்திருக்காது. வாய் பேசாத ஜீவன். தன் நோயைச் சொல்ல அதற்கு வேறு வழி ஏது?

ஆகவே பொங்கல் விழாவில் கேட்ட அன்பர்களுக்கு என் பதில்: நல்ல கட்டி மண் அதன் விலைக்குத் தகும். கிலோ விலையைப் பார்க்காதீர்கள். மாதத்துக்கு எத்தனை கிலோ என்று பாருங்கள். உருண்டையைப் போட்டு உடைத்துப் பாருங்கள். தினமும் அள்ளுங்கள், அள்ளும்போது எண்ணுங்கள். எண்ணுவதற்குக் காசு இல்லை.

பட்டாணி இதை நான் எழுதும்போது நோட்டுப் புத்தகத்தின் மேல் படுத்திருக்கிறான். இன்றைய கணக்கு மூன்று. அவனை நகர்த்திவிட்டுத்தான் எழுத வேண்டும்.